சாலைப் பாதுகாப்புக்கு மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் சாலைப் பாதுகாப்புக் கருத்தெடுப்பு நடத்திக்கொண்டிருக்கும் ஆய்வு நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்கள் படிவத்தின் பதினான்காவது கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "உங்கள் பகுதியில் சாலை விபத்துகளைக் குறைக்க நீங்கள் மாதம் எவ்வளவு பணம் செலுத்தத் தயாராக உள்ளீர்கள்?" என்று கேட்டுவிட்டு, கீழே நான்கு கட்டம் போட்டிருக்கிறீர்கள். 50 ரூபாய், 100 ரூபாய், 200 ரூபாய், 200 ரூபாய்க்கு மேல். ஒன்றும் தர மாட்டேன் என்பவருக்குக் கட்டம் கிடையாது. தெரியவில்லை என்பவருக்கும் கிடையாது.

மற்ற கேள்விகளில் எனக்குப் பெரிய குறை இல்லை. எந்த முனையில் ரோட்டைக் கடக்கப் பயமாக இருக்கிறது, எங்கே தெருவிளக்கு எரிவதில்லை, பஸ் நிற்கிற இடத்தில் ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறதா என்றெல்லாம் நன்றாகவே கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் அதற்கு ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். பதினான்காவது கேள்வி வந்ததும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே கேள்வி அடுத்த வருஷம் வேறொரு நிறுவனத்தின் படிவத்தில் வரும் என்பதால் அது தேவையும் இல்லை. நான் பல வருஷம் தற்காலிகக் கணக்கெடுப்பாளராக வேலை பார்த்தவள். உசிலம்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து படிவம் நிரப்பியிருக்கிறேன். அலுவலகத்தில் ஏசி அறையில் எழுதின கேள்வி வாசல்படிக்கு வரும்போது என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு வருகிற பதிலை நீங்கள் என்ன செய்வீர்கள்? சராசரி எடுப்பீர்கள். அதை ஜனத்தொகையால் பெருக்கி, எத்தனை உயிர் மிஞ்சும் என்பதால் வகுத்து, "ஒரு உயிரைக் காக்க மக்கள் தரத் தயாராக இருக்கும் தொகை இவ்வளவு" என்று அறிக்கையில் போடுவீர்கள். இது உலகம் முழுக்க நடப்பதுதான். பிரிட்டன் அரசு 1988 முதல் சாலை மரணத்தைத் தவிர்ப்பதன் மதிப்பை மக்கள் தரத் தயாராக இருக்கும் தொகையை வைத்தே கணக்கிடுகிறது. ஒரு முனையில் சுரங்கப்பாதை தோண்டலாமா, நடுவில் தடுப்புச் சுவர் கட்டலாமா, செலவுக்கேற்ற பலன் உண்டா என்று பார்க்கும்போது அந்த எண் வந்து உட்காரும். ஆகவே பதினான்காவது கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. விரகனூர் ரவுண்டானாவிலோ பாண்டி கோவில் பக்கமோ ரிங் ரோட்டைக் கடந்து போகிற ஆட்களின் தலையெழுத்தில் அதற்கும் ஒரு வரி உண்டு.

அந்த எண் எப்படி வருகிறது என்று போட்டுப் பார்ப்போம். 2022ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் செத்தார்கள். மாநிலத்தின் ஜனத்தொகையோடு வைத்துப் பார்த்தால் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 23 பேர். இப்போது உங்கள் கேள்விக்கு எல்லாரும் 50 ரூபாய் என்று சொல்கிறார்கள் என்று வையுங்கள். மாதம் 50 என்றால் வருஷத்துக்கு 600. ஒரு லட்சம் பேர் கொடுத்தால் 6 கோடி. விபத்தைக் "குறைக்க" என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு குறைக்க? 23ஐ 20 ஆக்கவா? அப்படியானால் மூன்று உயிருக்கு 6 கோடி, உயிருக்கு 2 கோடி. 23ஐ 11 ஆக்கவா? அப்போது பன்னிரண்டு உயிருக்கு அதே 6 கோடி, உயிருக்கு 50 லட்சம்.

இதோடு முடியவில்லை. "நீங்கள்" என்று கேட்டிருக்கிறீர்களே, அது பதில் சொல்கிற ஆளா, வீடா? நம் ஊரில் ஒருவரிடம் காசு கேட்டால் அவர் வீட்டுக்காகத்தான் பதில் சொல்வார். வரி, வசூல், சந்தா எல்லாமே இங்கே வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் பழக்கம். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் ஒரு லட்சம் பேர் 25,000 வீட்டில் இருப்பார்கள். வருஷ வசூல் 6 கோடி இல்லை, ஒன்றரைக் கோடி. மூன்று உயிர் என்றால் உயிருக்கு 50 லட்சம். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டரை லட்சம். ஆக, எங்கள் தெருக்காரர்கள் சொன்ன அதே 50 ரூபாயிலிருந்து 2 கோடியும் எடுக்கலாம், பன்னிரண்டரை லட்சமும் எடுக்கலாம். பதினாறு மடங்கு வித்தியாசம். அதில் எது என்பதைத் தீர்மானிக்கப்போவது உங்கள் அலுவலகத்தில் எக்செல் தாளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர். பெயர் மட்டும் மதுரை மக்களுடையது.

"எவ்வளவு குறையும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டால் ஜனங்கள் கணக்குப் போட்டுச் சொல்ல மாட்டார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். மாட்டார்கள். வெறும் வாயால் சொல்லிக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், படித்தவர்களும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு இந்தத் துறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எண்ணெய்க் கழிவுக் குட்டைகளில் விழுந்து சாகிற பறவைகளைக் காப்பாற்ற வலை போட எவ்வளவு தருவீர்கள் என்று மூன்று கூட்டத்தாரிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு 2,000 பறவை, இன்னொன்றுக்கு 20,000, மூன்றாவதுக்கு 2 லட்சம். பதிலின் சராசரி முறையே 80 டாலர், 78 டாலர், 88 டாலர். பறவை நூறு மடங்கு கூடியும் காசு கூடவில்லை. (அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது எக்ஸான் எண்ணெய் நிறுவனம். அலாஸ்காவில் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியதற்கு நஷ்டஈடு கேட்டு நிற்கிறவர்களின் கணக்கு செல்லாது என்று காட்ட அதற்குக் காரணம் இருந்தது. காசு கொடுப்பவர் யார் என்று பார்ப்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். உங்களுக்குக் கொடுப்பவர் யார் என்று உங்கள் ஆட்கள் எங்களுக்குச் சொல்லவில்லை.)

பறவை என்பதால் அப்படி, தன் உயிர் என்றால் யோசித்துச் சொல்வார்கள் என்று நினைத்தவர்களும் உண்டு. பிரிட்டனில் மைக்கேல் ஜோன்ஸ்-லீ, கிரஹாம் லூம்ஸ் முதலானோர் சேர்ந்த குழு சாலைப் பாதுகாப்பையே வைத்துக் கேட்டு 1998ல் முடிவை வெளியிட்டது. ஆபத்து கொஞ்சம் குறைந்தாலும் நிறையக் குறைந்தாலும் பலர் ஒரே தொகையைச் சொன்னார்கள். அந்தக் குழு செய்த நல்ல காரியம், பதில் சொன்னவர்களை மறுபடி உட்கார வைத்து ஏன் இந்தத் தொகை என்று விசாரித்தது. பாதுகாப்பு நல்ல விஷயம், அதற்கு வீட்டுச் செலவு இடிக்காத ஒரு தொகையைச் சொன்னோம் என்றார்கள். உங்கள் படிவத்தில் 50 ரூபாயைத் தொட்டவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்தார்கள். கோயில் கொடைக்கு வசூல் நோட்டோடு வருகிறவர்களிடம் எந்த மனசோடு கொடுப்போமோ அந்த மனசோடு சொன்ன தொகை அது. அந்த மனசில் குறையொன்றுமில்லை. அதை மூன்றாலோ பன்னிரண்டாலோ வகுக்கிற உரிமை யாருக்கும் கிடையாது, அவ்வளவுதான்.

அந்த 50 எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உங்கள் பெண் டேப்லெட்டோடு படியில் உட்கார்ந்து கேட்டது. நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் கேட்டது.

"எவ்வளவு கொடுப்பீங்கக்கா?"

"நீயே ஒண்ணு போட்டுக்க பாப்பா."

"அப்படிப் போடக் கூடாதுக்கா. நீங்கதான் சொல்லணும். இந்தத் தெருவில எல்லாரும் அம்பதுன்னுதான் சொல்றாங்க."

"அப்ப அம்பதே போடு. நம்ம மட்டும் கூடக் கொறச்சுச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

பிள்ளை போன பிறகு அக்கா என்னிடம் கேட்டார்: "இத எப்ப வசூல் பண்ண வருவாங்களாம்?"

அந்தப் பெண்மேல் குற்றமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று இலக்கு வைத்திருப்பீர்கள். பதில் வராவிட்டால் அடுத்த திரைக்கே போகாதபடி செயலியைச் செய்துவைத்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வேலையில் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து எழுதவைப்பார்கள். ஆனால் அதைவிட முக்கியம், முதல் கட்டம் 50 என்று இருந்ததுதான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிக்கு விலை கேட்கப் போகிறவருக்குத் தெரியும், முதலில் யார் வாயிலிருந்து ஒரு விலை வருகிறதோ அதைச் சுற்றித்தான் மீதிப் பேச்சு நடக்கும். உங்கள் கட்டங்கள் 10, 20, 50 என்று தொடங்கியிருந்தால் அக்கா பத்து ரூபாய் என்றிருப்பார். 500ல் தொடங்கியிருந்தால் "ஐயோ, அதுக்கு மேல முடியாது, ஐநூறே போடு" என்றிருப்பார். தொடக்கத் தொகை பதிலை இழுப்பதை எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேர் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

இதற்கு வழி உண்டு. உங்கள் கையில் டேப்லெட் இருக்கிறதே. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு தொகையை, அதுவாகவே சீட்டுக் குலுக்கின மாதிரி எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். "இந்தத் திட்டம் வந்தால் உங்கள் வீட்டுக்கு வருஷம் 240 ரூபாய் ஆகும், வேண்டுமா, வேண்டாமா?" இன்னொரு வீட்டில் 60. மற்றொன்றில் 1,200. வேண்டாம் என்கிறவர்கள் எந்தத் தொகையில் எவ்வளவு கூடுகிறார்கள் என்பதிலிருந்து கணக்கு எடுக்கலாம். ஓட்டுப் போடுகிற ஜனத்துக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லப் பழக்கம் உண்டு. தன் பாதுகாப்புக்குத் தானே விலை எழுதுகிற பழக்கம் யாருக்கும் இல்லை. எக்ஸான் கப்பல் விவகாரத்துக்குப் பிறகு அமெரிக்க அரசு கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரண்டு நோபல் பொருளாதார அறிஞர்கள் தலைமையில் குழு போட்டது. 1993ல் அந்தக் குழு சொன்னதும் இதுவே: ஓட்டுக் கேட்பதுபோல் கேளுங்கள், நேரில் கேளுங்கள், கொடுத்தால் வேறெதற்குக் காசு குறையும் என்று நினைவுபடுத்துங்கள், பதில் சொல்ல விரும்பாதவருக்கு வழி விடுங்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். இதில் நீங்கள் செய்தது நேரில் கேட்டது ஒன்றுதான்.

ஆபத்தின் அளவையும் காட்டலாம். அமெரிக்காவில் காரின் பக்கவாட்டு ஏர்பேக்குக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்ட ஓர் ஆய்வில் (ஃபேத்ரா கோர்சோ, ஜேம்ஸ் ஹாமிட், ஜான் கிரஹாம், 2001) ஒரு பகுதியினருக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள் அச்சடித்த தாளைக் காட்டி ஆபத்தை விளக்கினார்கள். அவர்கள் பதில், ஆபத்து எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்பக் கூடிக் குறைந்தது. படமில்லாமல் கேட்டவர்களிடம் அப்படி வரவில்லை. நமக்கு இதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் பரீட்சைக்கு வாங்குகிற கிராஃப் தாளில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பத்தாயிரம் சிறு கட்டம் இருக்கும். அதுபோல் பத்தை ஒட்டினால் ஒரு லட்சம். அதில் 23 கட்டத்தைச் சிவப்பாக்குங்கள். இன்னொரு தாளில் 20. வேறொரு தாளில் 11. முதல் தாளில் சிவப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாகும். அந்தத் தேடலே அவர்களுக்குப் புரியவைக்கும், இத்தனை லாரி, இத்தனை ஷேர் ஆட்டோவுக்கு நடுவில் ஒரு தனி ஆளுக்கு ஒரு வருஷத்தில் இருக்கும் ஆபத்து எவ்வளவு சின்னது, ஊர் முழுக்கச் சேர்த்தால் எவ்வளவு பெரியது என்று.

இதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் சரிப்படும் என்று சொல்லிவிடாதீர்கள். டெல்லியில் வேலைக்குப் போய்வருகிறவர்களிடம் சோமா பட்டாச்சார்யா, அன்னா அல்பெரினி, மௌரீன் க்ராப்பர் மூவரும் சாலையில் சாகிற ஆபத்தைப் பற்றி இப்படிக் கேட்டு 2007ல் வெளியிட்டார்கள். ஆபத்து அதிகம் குறையும் என்றால் அதிகம் தருவதாகச் சொன்னார்கள். வருமானம் கூடினால் தொகை கூடியது. தினம் நெடுந்தூரம் போகிறவர்களும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் மற்றவர்களைவிட அதிகம் சொன்னார்கள். முறையாகக் கேட்டால் நம் ஜனம் முறையாகப் பதில் சொல்லும்.

அந்த டெல்லி முடிவைப் படித்ததும் எனக்கு உங்கள் ஆட்கள் வந்த நேரம் நினைவுக்கு வந்தது. காலை பதினோரு மணிக்கு வந்து நான்கு மணிக்குள் போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது பெரியவர்கள், கைக்குழந்தைக்காரிகள், என்னைப் போன்றவர்கள். ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்களெல்லாம் ரோட்டில்தான் இருக்கிறார்கள். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு டூவீலரில் போகிற பையன், டவுன்ஹால் ரோட்டுக் கடையில் இரவு பத்து மணி வரை நின்றுவிட்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற பொண்ணு, விடியுமுன் காய்கறி மூட்டையோடு லோடு ஆட்டோவில் வருகிறவர். இவர்களில் ஒருத்தரும் உங்கள் கணக்கில் இல்லை. அதிகம் தரத் தயாராக இருக்கிற ஆட்களை விட்டுவிட்டு மற்றவர்களிடம் சராசரி எடுத்தால் எண் தாழ்வாகத்தான் வரும். அப்புறம் "மதுரை மக்கள் பாதுகாப்புக்குப் பெரிதாக மதிப்பு வைக்கவில்லை" என்று யாராவது கட்டுரை எழுதுவார்கள்.

சரி, காசை யாருக்கு, எந்த வழியில் கட்ட வேண்டும்? அதையும் கேள்வியில் சொல்லவில்லை. இங்கே இது பெரிய விஷயம். வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டிவிடுகிறோம். பெட்ரோலில் சாலைக்கென்று செஸ் என்ற கூடுதல் வரி இருக்கிறது. இன்சூரன்ஸ் தனி. திருமங்கலத்துக்காரர்கள் கப்பலூர் டோல்கேட்டை எடுக்கச் சொல்லி எத்தனை வருஷமாகப் போராடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர்களில் ஒருவரிடம் போய் "சாலைக்கு மாதம் எவ்வளவு தருவீர்கள்" என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஒரு பைசா தர மாட்டேன் என்பார். அவருக்கு உயிர்மேல் ஆசை இல்லை என்றா அர்த்தம்? கட்டுகிற வழிமேல் கோபம். இந்த மாதிரி பூஜ்யத்தையும் கையில் காசில்லாமல் சொல்கிற பூஜ்யத்தையும் பிரித்து எழுத வேண்டும். உங்கள் படிவத்தில் இரண்டுக்குமே இடமில்லாததால் கோபக்காரர்கள் கதவைச் சாத்தியிருப்பார்கள், காசில்லாதவர்கள் கூச்சத்தில் 50ஐத் தொட்டிருப்பார்கள்.

எந்த வழி நல்லது என்று எனக்கும் ஒரு முடிவில்லை. வண்டி இன்சூரன்ஸோடு சேர்த்தால் நடந்து போகிறவர் விடுபட்டுவிடுவார். வீட்டு வரியோடு சேர்த்தால் வாடகைக்கு இருப்பவர் "அது ஓனர் பாடு" என்று பெரிய தொகையாகச் சொல்லிவிட்டுப் போவார். கரண்ட் பில் எல்லா வீட்டுக்கும் வருகிறது. ஆனால் நூறு யூனிட் இலவசத்துக்குள் ஓட்டுகிற வீட்டில் பில்லே பூஜ்யம், அதில் புதிதாக ஒரு தொகை ஏறினால் தெருவே திரளும். எந்த வழியைச் சொன்னாலும் பதில் மாறும். அதனால்தான் சொல்லாமல் விட்டீர்களோ என்னவோ. ஆனால் சொல்லாமல் விட்டால் ஆளுக்கொரு வழியை மனதில் நினைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். அது அதைவிட மோசம்.

இன்னொன்றை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பன்னிரண்டாவது கேள்வி, "உங்கள் குடும்பத்தில் யாராவது சாலை விபத்தில் இறந்திருக்கிறார்களா?" பதின்மூன்றாவதில் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்கிறீர்கள். பதினான்காவது காசு. எங்கள் தெருக்கோடியில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா இருக்கிறார். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது. பன்னிரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்றார். படத்தைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அடுத்த கேள்விக்கு "எவ்வளவு வேணும்னாலும் எழுதிக்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். உங்கள் கணக்கில் அது "200 ரூபாய்க்கு மேல்". அவர் வாங்குவது முதியோர் பென்ஷன். அழவைத்துவிட்டுக் கேட்ட தொகை மதிப்பீடு ஆகாது. அதற்கு முன்னால், அது மனுஷத்தனம் ஆகாது. காசுக் கேள்வியை முன்னால் வையுங்கள். சாவைப் பற்றிய கேள்வியைக் கடைசியில், வேண்டுமானால் மட்டும் பதில் சொல்லலாம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். படத்தை எடுத்தே விடுங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போகிற வண்டியால் செத்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்பது 2022 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் திட்டம். முன்பு 25,000 ஆக இருந்தது. இதைச் சொல்லக் காரணம், ஜனங்கள் மனதில் உயிருக்கான அரசு விலை என்று பதிந்திருப்பது இந்த மாதிரித் தொகைகள்தான். போனபின் கொடுக்கிற ஆறுதல் தொகையையும், போகாமல் காக்கச் செலவழிக்க வேண்டிய தொகையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது சாதாரண ஆட்கள் மட்டுமில்லை. உங்கள் அறிக்கையைப் படிக்கப் போகிற அதிகாரிகளும்தான்.

சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்கிற சங்கடமும் இருக்கிறது. பாதுகாப்புக்கு மாதம் நூறு தருகிறேன் என்று சொன்ன அதே தம்பியின் ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் மாட்டித் தொங்குவதை நான் பார்த்தேன். காளவாசலில் போலீஸைக் கண்டால் தலைக்கு ஏறும். அப்போதும் வாரைப் பூட்ட மாட்டான். சும்மா கேட்கும்போது சொல்கிற தொகை நிஜத்தில் கொடுக்கிற தொகையைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். கேட்பதற்கு முன்பே "சும்மா கேட்கும்போது ஜனங்கள் அதிகமாகச் சொல்லிவிடுகிறார்கள், நீங்கள் நிஜமாகவே கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் யோசித்துச் சொல்லுங்கள்" என்று எடுத்துச் சொன்னால் அந்த மிகை குறைவதை ரோனால்ட் கம்மிங்ஸ், லாரா டெய்லர் இருவரும் 1999ல் காட்டினார்கள். தமிழில் அதை அழகாகச் சொல்லலாம். ஆனால் ஹெல்மெட்டைக் காட்டி "பார், இவர்களுக்கு உயிர்மேல் அக்கறையில்லை" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஹெல்மெட்டை அவன் வாங்கியது ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து. அதன் விலையிலிருந்து அவன் உயிருக்கு வைத்த மதிப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, யாருடைய காசு? அண்ணா நகரில் ஒரு வீட்டுக்கு 500 ரூபாய் பெரிதில்லை. வில்லாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிற வீட்டுக்கு 50 ரூபாய் இரண்டு வேளை குழம்புச் செலவு. வார்டு வாரியாகச் சராசரி எடுத்து, எங்கே அதிகம் தரத் தயாரோ அங்கே முதலில் சிக்னல் என்று போனால், லாரி அதிகம் ஓடுகிற, விளக்கு குறைவான, காசு குறைவான முனைகளுக்கு முறை வரவே வராது. பிரிட்டனில்கூட பணக்காரர் வீதிக்கு ஒன்று, ஏழை வீதிக்கு ஒன்று என்று தனித்தனி மதிப்பு வைப்பதில்லை. நாடு முழுக்க ஒரே எண். வார்டு வாரியான சராசரியை அறிக்கையில் போடவே போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுபடி கேட்க உங்களுக்கு நேரமும் நிதியும் இருந்தால் வாருங்கள். பாதி வீட்டில் 23ஐ 20 ஆக்கும் திட்டத்தையும் மறுபாதி வீட்டில் 11 ஆக்கும் திட்டத்தையும் சொல்லி, தொகையை டேப்லெட்டே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு பாதியும் ஒரே பதிலைச் சொன்னால் அந்த எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆளுக்கா வீட்டுக்கா என்பதைக் கேள்வியிலேயே எழுதுங்கள். மாலை ஆறு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் வாருங்கள். கணக்கெடுக்கும் பிள்ளைகளுக்குப் படிவ எண்ணிக்கையை வைத்துக் கூலி போடாதீர்கள், நாளுக்கு இவ்வளவு என்று கொடுங்கள்.

நேரமோ நிதியோ இல்லையென்றால், பதினான்காவது கேள்வியின் பதிலை மட்டும் எடுத்துவிட்டு மீதியை ஒப்படையுங்கள். எந்த முனையில் பயம், எங்கே இருட்டு என்று ஜனங்கள் சொன்னது அப்படியே உபயோகப்படும். அதற்கு ரூபாய் வேண்டியதில்லை. அப்படியும் அந்த எண்ணைப் போட்டே தீருவோம் என்றால், கேள்வியை எழுத்துக்கு எழுத்து, நான்கு கட்டங்களோடு, கேட்ட நேரத்தோடு, பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதோடு அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கணக்கெடுப்பாளர் ஒருத்தி,
மதுரை.